குத்துக்கல்லைக் காத்துக் கொடுத்தவர்களுக்கு

ஊர்ப் பெரியவர்களுக்கும் பக்கத்து ஊர்ச் சொந்தங்களுக்கும் வணக்கம்ங்க.

குத்துக்கல்லுக்கு அடியில் யாரோ ராத்திரியோடு ராத்திரியாகக் குழி பறித்துவிட்டுப் போனது எல்லோருக்கும் தெரியும். கல்லுக்கடியில் தங்கக் காசு இருக்கிறது என்கிற கதை நம் பக்கம் சாகவே சாகாது போல. குழியில் கிடந்ததென்னவோ பானை ஓடுகள்தான். உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு. நொய்யல் ஆற்றங்கரை ஊரான கொடுமணலில் 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வுகளிலும் இதே வகை ஓடுகள் வந்தன. இரும்புக்காலத்து மக்கள் இறந்தவர்களைப் புதைத்த இடத்தில் நட்ட கல்தான் நம் குத்துக்கல். எழுத்தும் கிடையாது, உருவமும் கிடையாது. அதனால்தான் பலருக்கு வெறும் கல்லாகத் தெரிகிறது.

முதல் நன்றி நிலத்துக்காரப் பெரியப்பாவுக்கு. ஓடுகளை யாரையும் தொட விடாமல், விடிந்ததும் கிராம நிர்வாக அலுவலருக்குப் போன் போட்டவர் அவர்தான். சாய்ந்த கல்லை நிமிர்த்தி, சிமென்ட் மேடை கட்டி, பெயிண்ட் அடித்துவிடலாம் என்று நாலு பேர் கிளம்பினார்கள். நல்ல எண்ணம்தான், மறுக்கவில்லை. "அதெல்லாம் ஆகாதுங்க, தொல்லியல் துறைக்காரங்க வந்து பார்க்கட்டும்" என்று ஒரே பிடியாக நின்றார்.

அப்புறம் அந்த ஜேசிபி ஓட்டுநர் தம்பி. நிமிர்த்தத்தான் கூப்பிட்டிருந்தார்கள். வந்தவர் வண்டியை நிறுத்திவிட்டு, குழிக்குள் குனிந்து, கல்லின் அடியில் ஓடிய மயிரிழை விரிசலை விரலால் தடவிப் பார்த்தார். "பெல்ட் போட்டு இழுத்தா ரெண்டாப் போயிருங்க" என்று சொல்லி, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். டீசல் காசுகூட வாங்கவில்லை. என்னைக் கேட்டால், இந்த விஷயத்தில் பெரிய உதவி அதுதான்.

மழைக்கு முன்னால் மண் மூட்டை அண்டை கொடுத்த பிள்ளைகளுக்கும், அளவுகோல் வைத்து நாலு பக்கமும் படம் எடுத்துக் கொடுத்த கல்லூரித் தங்கைகளுக்கும், கொறங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) வேலியில் இடிந்த இடத்தில் கிளுவை மரப் போத்து (கிளைக் குச்சி) நட்டவர்களுக்கும், எல்லோருக்கும் கம்மங்கூழ் கொண்டுவந்த ஆத்தாவுக்கும் நன்றி.

துறையிலிருந்து வந்து பார்க்கும்வரை மூட்டைகளை எடுக்க முடியாது. சாக்கு கொடுத்த அக்கா கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
மேற்குத் தோட்டத்துக்காரன்