துரோகி என்று சொல்லிக்கொடுக்கும் முன்: ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தமிழாசிரியர்களுக்கும் வரலாற்று ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

2019-ல் நம் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தாலும் 1806-ல் வேலூர்ச் சிப்பாய்கள் கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்துப் புரட்சி செய்த ஜூலை 10 எல்லோருக்கும் பொதுவான நாள்தான். புரட்சி நடந்த கோட்டை வேலூரில் இருக்கிறது. அதை அடக்கக் குதிரைப்படை கிளம்பிய ஆற்காடு இப்போது ராணிப்பேட்டை மாவட்டம். அதனால் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஜூலை வந்தால் மக்கான் சந்திப்பில் உள்ள நினைவுத் தூணுக்கு மாலை போடுகிறோம், பள்ளிகளில் பேச்சுப் போட்டி வைக்கிறோம். ஓய்வுபெற்ற தமிழாசிரியன் என்பதால் என்னை நடுவராகக் கூப்பிடுவார்கள். பிள்ளைகள் நன்றாகவே பேசுகிறார்கள். ஆனால் பேச்சு சூடுபிடிக்கும் இடத்தில் "துரோகி", "எட்டப்பன்" என்று கையை உயர்த்திக் கத்துகிறார்கள். அரங்கமும் அங்கேதான் கைதட்டுகிறது. எனக்கு அந்தக் கைதட்டல்தான் கவலையாக இருக்கிறது. 1806-ஐப் படித்த பிள்ளை, யார் யாருக்கு எதற்காக விசுவாசமாக இருந்தார்கள் என்று கேட்கப் பழக வேண்டும். நாம் துரோகியைத் தேடிப் பிடிக்கப் பழக்கிக்கொண்டிருக்கிறோம்.

முஸ்தபா பெய்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். அவரும் கோட்டையில் இருந்த ஒரு சிப்பாய். 1806 ஜூன் மாதத்தில், கலகத்துக்குத் திட்டம் நடக்கிறது என்று தன் பட்டாளத் தலைவர் கர்னல் ஃபோர்ப்ஸிடம் போய்ச் சொன்னார். ஃபோர்ப்ஸ் அதை விசாரிக்கச் சொன்னது இந்திய அதிகாரிகளிடம். அவர்களில் பலருக்குத் திட்டம் முன்பே தெரியும். "இவனுக்குப் பைத்தியம்" என்று சொல்லிவிட்டார்கள். சொன்னவரை விலங்கிட்டு அடைத்தார்கள். ஜூலை 10 விடியும் முன் துப்பாக்கிகள் வெடித்த பிறகுதான் அவர் சொன்னது உண்மை என்று கம்பெனிக்குப் புரிந்தது. அப்புறம் 2,000 வராகன் பரிசும் சுபேதாருக்குரிய ஓய்வூதியமும் கொடுத்தார்கள்.

இவரைப் பற்றி மேடையில் பேச நேர்ந்தால் பிள்ளைகள் என்ன சொல்வார்கள் என்று நமக்குத் தெரியும். ஆனால் அதே பிள்ளைகள் தமிழ் வகுப்பில் கும்பகர்ணனுக்காகக் கண் கலங்குகிறார்கள். கம்பன் பாட்டை நீங்களே எத்தனையோ முறை நடத்தியிருப்பீர்கள்:

"நீர்க்கோல வாழ்வை நச்சி நெடிதுநாள் வளர்த்துப் பின்னைப்
போர்க்கோலம் செய்து விட்டாற்கு உயிர்கொடாது அங்குப் போகேன்"

வளர்த்து, சோறு போட்டு, போர்க்கோலமும் பூட்டி அனுப்பியவனுக்காகச் சாவேன் என்கிறான். அண்ணன் செய்தது தவறு என்று தெரிந்தவன், அதை அவன் முகத்துக்கு நேராகவே சொன்னவன். ஆனாலும் செஞ்சோற்றுக் கடன் அவனைக் கட்டிப்போடுகிறது. வீடணனோ, தவறு செய்பவன் உடன்பிறந்தவனே ஆனாலும் அவன் பக்கம் நிற்கமாட்டேன் என்று கிளம்பிவிட்டான். போர்க்களத்தில் இருவரும் சந்திக்கும்போது கும்பகர்ணன் தம்பியைத் துரோகி என்று ஏசவில்லை. நீ ராமனிடமே திரும்பிப் போ என்று வாழ்த்தி அனுப்புகிறான். எனக்குத் தெரிந்து விசுவாசத்தைப் பற்றித் தமிழில் இதைவிட ஆழமான இடம் வேறில்லை.

இந்த இரண்டு பேரையும் வேலூர்க் கோட்டைக்குள் கொண்டுவந்து பாருங்கள். கம்பெனியின் சம்பளத்தை வாங்கியவர் முஸ்தபா பெய்க். செஞ்சோற்றுக் கடன் பெரிது என்றால் அவர் செய்ததும் அதில்தான் சேரும். கலகம் செய்த சிப்பாய்களும் அதே சம்பளத்தை வாங்கியவர்கள்தான். ஆனால் நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது, தோல் சேர்த்த புதுத் தலைப்பாகை போட வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, சோறு போட்டவன் இதையெல்லாம் கேட்க முடியாது என்று முடிவெடுத்தார்கள். அவர்கள் வீடணன் பக்கம் வருகிறார்கள். தமிழ் வகுப்பில் கும்பகர்ணனுக்கு அழுதுவிட்டு வரலாற்று வகுப்பில் முஸ்தபா பெய்க்கைக் காறித் துப்பினால், பிள்ளை இரண்டையுமே படிக்கவில்லை என்றுதான் நினைப்பேன். சிப்பாய்கள் பக்கமே நியாயம் என்பது என் கருத்து. அதைப் பிள்ளை யோசித்து வந்தடைய வேண்டும்.

யோசிக்க இன்னும் நிறைய இருக்கிறது. அன்று காலை ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி வந்தபோது 19-ஆம் டிராகூன் என்ற குதிரைப்படையின் வெள்ளையர்களோடு மெட்ராஸ் குதிரைப்படை வீரர்களும் வந்தார்கள். நம் ஊர்க்காரர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். சிப்பாய்கள் கொன்றவர்களில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நோயாளிகளும் உண்டு. கோட்டை விழுந்த பிறகு, அரண்மனையில் ஒளிந்திருந்த சுமார் 100 சிப்பாய்களை இழுத்துவந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். விசாரணைக்குப் பிறகு ஆறு பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார்கள், எட்டுப் பேரைத் தூக்கிலிட்டார்கள். அப்புறம் தலைப்பாகை உத்தரவையே கம்பெனி வாபஸ் வாங்கியது. கவர்னர் பெண்டிங்கையும் தலைமைத் தளபதி கிரேடக்கையும் பதவியிலிருந்து திருப்பி அழைத்தது. உத்தரவு தவறு என்று கம்பெனியே ஒப்புக்கொண்ட மாதிரிதானே இது? ஆனால் அதை எதிர்த்து மாண்டவர்கள் கம்பெனியின் கணக்கில் கடைசி வரை துரோகிகளாகவே இருந்தார்கள்.

பாலாற்றங்கரை முத்துமண்டபத்துக்கும் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போங்கள். இலங்கையில் உள்ள கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அங்கே கிடக்கிறார். 1815-ல் பிடிபட்டு, வேலூர்க் கோட்டையில் காவலில் இருந்து, 1832-ல் இறந்தார். அவரை விட்டு ஆங்கிலேயரோடு சேர்ந்த பிரதானி எகலப்பொல. அரசர் அந்த மனிதரின் மனைவி மக்களைக் கொன்றவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சரி, ஆங்கிலேயர் எகலப்பொலவையாவது நம்பினார்களா? இல்லை. சந்தேகப்பட்டு மொரீஷியஸுக்கு நாடு கடத்தினார்கள். 1829-ல் அங்கேயே இறந்தார்.

சந்தேகம் என்றதும் புறநானூற்று 47-ஆம் பாட்டு நினைவுக்கு வருகிறது. சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்ற புலவனை, ஒற்றன் என்று சொல்லி, நலங்கிள்ளியோடு பகைகொண்ட நெடுங்கிள்ளி கொல்லப் போனான். கோவூர்கிழார் குறுக்கே நின்று, பரிசிலர் வாழ்க்கை பிறருக்குத் தீங்கு நினைக்குமா என்று பாடிக் காப்பாற்றினார். ஒரு புலவர் அங்கே இல்லாமல் போயிருந்தால் இளந்தத்தன் துரோகியாகவே செத்திருப்பான். இந்தப் பாட்டைப் பேச்சுப் போட்டியில் ஒரு பிள்ளைகூடச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு அது வருத்தம்.

இதெல்லாம் பழங்கதை என்று விட முடியாது. 1870-ல் தண்டனைச் சட்டத்தில் சேர்த்த 124ஏ என்ற ராஜத்துரோகப் பிரிவில்தான் 1908-ல் வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் தண்டித்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தப் பிரிவு இருந்தது. 2022-ல் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 152-ஆம் பிரிவு வந்திருக்கிறது. இன்று ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை சில வருடங்களில் ஓட்டுப் போடப் போகிறது. எதிர்த்துப் பேசும் ஒருவரைத் துரோகி என்று டிவியிலும் வாட்ஸ்அப்பிலும் சொன்னால், அது என்ன கேள்வி கேட்கும் என்பது ஓரளவு உங்கள் கையில் இருக்கிறது.

நான் கேட்பது பெரிய மாற்றம் இல்லை. ஒன்பதாம் வகுப்புக்கு மேலே உள்ளவர்களுக்கு, ஜூலை முதல் வாரத்தில் தமிழாசிரியரும் வரலாற்று ஆசிரியரும் ஒரே வகுப்பில் சேர்ந்து இரண்டு பீரியட் எடுங்கள். கும்பகர்ணன் வதைப் படலத்தையும் 1806-ஐயும் ஒன்றாக நடத்துங்கள். முஸ்தபா பெய்க் பக்கம் இருவர், சிப்பாய்கள் பக்கம் இருவர், அதிகாரிகளிடம் விசாரணையைக் கொடுத்த ஃபோர்ப்ஸ் பக்கம்கூட ஒருவர் பேசட்டும். பட்டிமன்றம் நமக்குப் புதிதா என்ன? கட்டபொம்மன் கதை வரும்போது, எட்டயபுரம் பாரதி பிறந்த ஊர், உமறுப்புலவர் அடங்கிய ஊர் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஒரு பாளையக்காரர் செய்ததற்காக ஒரு ஊர்ப் பெயரே வசவாக வேண்டாம்.

நடுவர்களாக வரும் என் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். குரலை உயர்த்தி ஏசியதற்கு மதிப்பெண் போடாதீர்கள். எதிர்ப்பக்கத்து ஆளின் காரணத்தைச் சரியாக எடுத்துச் சொன்ன பிள்ளைக்குப் போடுங்கள். போட்டித் தலைப்புகள் பெரும்பாலும் ஜூன் கடைசியில் முடிவாகின்றன. அதற்குள் உங்களுக்குள் பேசி முடிவெடுத்தால் இந்த ஆண்டே தொடங்கலாம். பாடக் குறிப்பு தயாரிக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்
வேலூர்