பட்டன் போனால் பெட்டியையே எடைக்குப் போடுவதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சேலத்தில் டிவி, ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் ஏற்காட்டில் விடுதி நடத்தும் ஒருவர் கூப்பிட்டார். மாடிப்படிக்கு அடியில் பழைய போர்வை போர்த்தி நின்றது, காசு போட்டு நின்றுகொண்டே ஆடுகிற அந்தக் கால வீடியோ கேம் பெட்டி. "சுடுற பட்டன் வேலை செய்யலைங்கண்ணா, உள்ள இருக்குற சர்க்யூட் போர்டே போச்சுன்னு ஒருத்தர் பார்த்துட்டுச் சொன்னாரு, எடைக்குப் போட்டுடலாம்னு இருக்கேன்" என்றார். அந்த எரிச்சலில்தான் எழுதுகிறேன்.

படம் ஓடுகிறது, ஜாய்ஸ்டிக்கை அசைத்தால் கப்பல் நகர்கிறது, சுட மட்டும் மாட்டேன் என்கிறது. சரி என்று முன்பலகையைத் தூக்கி, பட்டனுக்கு வரும் இரண்டு வயரையும் ஒரு துண்டுக் கம்பியால் தொட்டேன். தடதடவென்று சுட்டது! போர்டுக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல இந்த அரை நிமிட வேலை போதும். அதைக்கூடச் செய்யாமல் எப்படித்தான் தீர்ப்புச் சொல்கிறார்களோ.

பழைய பெட்டிகளில் பட்டனுக்கு அடியில் லீஃப் சுவிட்ச் இருக்கும். எதிரெதிரே இரண்டு மெல்லிய தகடு, நுனியில் ஆளுக்கொரு பொட்டு, அமுக்கினால் பொட்டும் பொட்டும் தொடும், அவ்வளவுதான் (பிறகு வந்தவற்றில் டிக் என்று சத்தம் போடும் மைக்ரோ சுவிட்ச், அதைத் திறந்து மெனக்கெடாமல் புதிதாக மாற்றிவிடலாம்). அந்தப் பொட்டில் பெரும்பாலும் வெள்ளி கலந்திருக்கும். வெள்ளிக் கொலுசு செய்கிற எங்கள் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும், கொலுசு கறுப்பது போலவே அதுவும் கறுக்கும். வீட்டு சுவிட்சில் 230 வோல்ட் ஓடுவதால் கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் பொறி தட்டிக் கடந்துவிடும், இங்கே ஓடுவது 5 வோல்ட், அதற்கு அந்தக் கறுப்புப் படலமே சுவர். அதிலும் ஏற்காடு, சன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வருகிற ஊர்.

வைத்தியம் என்ன தெரியுமா? கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு கீற்று நறுக்கி, பொட்டுகளுக்கு நடுவே நுழைத்து, தகட்டை லேசாக அழுத்திப் பிடித்து நாலைந்து தரம் இழுத்தேன். அட்டையில் கறுப்புக் கோடு விழுந்தது, பட்டன் பிழைத்தது. உப்புத்தாள் மட்டும் போடாதீர்கள், மேல்பூச்சு போய்விட்டால் சீக்கிரமே மறுபடி கறுக்கும். முன்னால் வந்த புண்ணியவான் எண்ணெய் வேறு விட்டிருந்தார், தூசியோடு சேர்ந்து பிசுக்காகி அதைத் துடைக்கத்தான் நேரம் போனது. கடைசியில் தகட்டைக் கொஞ்சம் வளைத்து இடைவெளி சரிசெய்ய வேண்டும். நெருங்கினால் தானாகச் சுடும், விலகினால் கட்டைவிரல் வலிக்கும்.

ஒரே பட்டன் போனால் சுவிட்சைப் பாருங்கள். வரிசையாக நாலைந்து சேர்ந்து செத்தால், எல்லாவற்றுக்கும் பொதுவாகப் பட்டனுக்குப் பட்டன் தாவிப் போகும் கிரவுண்ட் வயர் எங்கோ அறுந்திருக்கும். 1980-இல் வந்த பேக்-மேனில் ஆடுவதற்கு ஜாய்ஸ்டிக் ஒன்றுதான், 1991-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல் ஆளுக்கு ஆறு பட்டன், தொல்லையும் அந்தக் கணக்கில்தான். நான் செய்த கம்பிச் சோதனைக்குத்தான் கரண்ட் வேண்டும், மற்றபடி எதுவானாலும் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். பழகாதவர்கள் பிக்சர் டியூப் பக்கம் கை கொண்டுபோகவே வேண்டாம், அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும்.

சேலம், ஏற்காடு பக்கம் இப்படிப் போர்வைக்குள் பெட்டி வைத்திருப்பவர்களே, காயலான் கடைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் பக்கத்தில் ரேடியோ பழுது பார்க்கிற பெரியவர் யாராவது இருந்தால் ஒரு தடவை காட்டுங்கள். விடுதிக்காரர் இப்போது போர்வையை மடித்து வைத்துவிட்டார். அன்று சாயங்காலம் அவருடைய பேரன் இடத்தை விட்டு நகரவில்லை, நான் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு ரேடியோ மெக்கானிக், சேலம்