50 வெள்ளி பாக்கி

ஜெலுத்தோங், பினாங்கு
ஞாயிறு இரவு

டேய் ரெங்கா,

முதலில் திட்டி முடித்துவிடு, அப்புறம் படி. ஒன்பது மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. நீ போன் அடித்தபோதெல்லாம் சரசு எடுத்து "அவர் தூங்குறார்ண்ணே" என்றாள் அல்லவா, தூங்கவில்லை, பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பேசுகிற மனநிலை இல்லை. காரணம் கீழே வருகிறது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்ததா? மலருக்கு ஈப்போவுக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. பேரன் என்னைவிட ஒரு சாண் உயரம். குசலம் விசாரித்தாயிற்று, விஷயத்துக்கு வருகிறேன்.

உனக்கு நான் 50 வெள்ளி, அதாவது 50 ரிங்கிட், கொடுக்க வேண்டியிருக்கலாம்.

2019 ஏப்ரல் கடைசியில், செல்லையா வீட்டுக் கல்யாணம் முடிந்து நீ இங்கே தங்கினாயே, அந்தத் திங்கட்கிழமை ஞாபகம் இருக்கிறதா? கேம் ஆஃப் த்ரோன்ஸ், நாம் விழுந்து விழுந்து பார்த்த அந்த ராஜா ராணி டிராகன் தொடர், எட்டாவது சீசன், மூன்றாவது எபிசோடு. அமெரிக்காவில் ஞாயிறு இரவு ஓடும்போதே நமக்குத் திங்கள் காலை 9 மணிக்கு. ஹாலில் வெயில் சுள்ளென்று அடிக்கிறது, டிவியில் நடு ராத்திரி. ஜன்னல் பூராவும் என் கைலிகளைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். 82 நிமிடம். நான் பார்த்தது என் சொந்த வழுக்கையின் பிரதிபலிப்பைத்தான். "என்னடா படம் எடுத்திருக்கான், ஒரு பல்பு வாங்கக் காசு இல்லையா" என்று கத்தினேன். நீ ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "எனக்குத் தெரியுதே, நீ போய் கண்ணக் காட்டுடா" என்றாய். அங்கேதான் பந்தயம் கட்டினோம். இருட்டு படத்தில் என்று நான், என் கண்ணில் என்று நீ.

அடுத்த நாளே உலகம் பூராவும் என் பக்கம் நின்றது. அத்தனை பேரும் இருட்டு இருட்டு என்று கத்தினார்கள். ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர், படத்தில் குறை இல்லை, நிறையப் பேருக்கு டிவியைச் சரியாக வைத்துப் பார்க்கத் தெரியவில்லை என்கிற மாதிரி பேட்டி கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டார். 55 இரவு கண் விழித்து எடுத்த சண்டை, பாவம், அவருக்கும் கோபம் வரத்தானே செய்யும். நான் உனக்குப் போன் அடித்து, வெள்ளியை எப்போது அனுப்புகிறாய் என்று கேட்டேன். நீ போனை வைத்துவிட்டாய்.

இப்போது கேள். போன வருஷம் ஹைவேயில் இரவு வண்டி ஓட்டும்போது எதிர் வண்டி விளக்குகள் எல்லாம் பூவாக விரிய ஆரம்பித்தன. கண்ணாடிக் கடைக்காரர் மூன்று தடவை கண்ணாடியை மாற்றிக் கொடுத்தார், மூன்று தடவையும் காசு வாங்கினார். கடைசியில் மலர்தான் இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு கண்ணிலும் புரை. ரொம்ப நாளாகவே இருந்திருக்கும் என்றார் டாக்டர். எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. எனக்கு உன் முகம்தான் ஞாபகம் வந்தது.

வலது கண்ணை எடுத்தாகிவிட்டது. பயப்படாதே, புரையைத்தான் சொல்கிறேன். கட்டு அவிழ்த்ததும் முதலில் பார்த்தது சரசுவை. "என்ன இவ்ளோ கிழவியாயிட்ட" என்று கேட்டுவிட்டேன். இரண்டு நாள் வீட்டில் வெறும் ரசம். ஹால் சுவர் வெள்ளை என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். அது வெண்ணெய் நிறம்டா. சரி, டிவி பார்க்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே, ராத்திரி விளக்கெல்லாம் அணைத்து, பேரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த மூன்றாவது எபிசோடைப் போட்டேன்.

நீலம். அந்த இரவு முழுக்க நீலம்! நான் பழுப்பென்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஏதோ சேற்றுத் தண்ணீருக்குள் சண்டை போடுகிறார்கள் என்று. குதிரைக்காரர்களின் கத்தியில் பற்றிய நெருப்பு தூரத்தில் ஒவ்வொன்றாக அணைகிறதே, அது அப்போதே தெரிந்தது. ஆனால் அதைப் பார்த்துக்கொண்டு மதில் மேல் நிற்கிறவர்களின் முகம் எனக்கு அன்றைக்குத் தெரியவே இல்லை. ஒருத்தன் எச்சில் விழுங்குகிறான், தொண்டை ஏறி இறங்குகிறது. அந்த ஒரு அசைவுக்காகத்தான் அத்தனை ராத்திரி எடுத்திருக்கிறார்கள் போல.

அதற்காக வாயெல்லாம் பல்லாக்காதே. புதுக் கண்ணிலும் சில இடம் கும்மிருட்டுதான், பேரனுக்கும் தெரியவில்லை. ஒளிபரப்பும்போது சுருக்கி அனுப்புவதில் இருட்டுக் காட்சிகள்தான் முதலில் கட்டம் கட்டமாக உடையுமாம், அவன் சொன்னான். இன்னொன்று. இருட்டு போனதும் முட்டாள்தனம் பளிச்சென்று தெரிகிறது. கல் எறியும் எந்திரங்களை எல்லாம் மதிலுக்கு வெளியே, படைக்கும் முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள்டா! எதிரி எத்தனை பேர், எங்கே என்று தெரியாமல் குதிரைகளை முதல் ஆளாக அனுப்புகிறார்கள். நான் 31 வருஷம் லோரி ஓட்டியவன். எங்கள் டிப்போவில் புதிதாக வந்த கெலிண்டான்கூட, லோரி உதவியாள்கூட, அப்படிச் சரக்கை வெளியே விட்டுவிட்டுக் கதவைச் சாத்தமாட்டான்.

இதைத்தான் உனக்கு எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன், ஒன்பது மாதமாக மண்டைக்குள் ஓடுகிறது. டிராகனை நாம் யாரும் பார்த்தது கிடையாது. அதனால் டிராகன் சரியில்லை என்று நம்மில் ஒருத்தனும் வாய் திறந்ததில்லை. நமக்குத் தெரிந்த சாமான் வந்தால்தான் சண்டை. எனக்கு ரோடு. முதல் சீசனில் ராஜா வடக்கே வந்து இறங்குகிறார், ராணி ஒரு மாதமாகப் பயணம் செய்து வருகிறோம் என்று அலுத்துக்கொள்கிறாள். அங்கேயே நான் விழுந்துவிட்டேன். ஹைவே முழுதாகத் திறந்தது 1994இல். அதற்கு முன்னால் பட்டர்வொர்த்திலிருந்து பழைய ரோட்டில் பாரம் ஏற்றிக்கொண்டு கோலாலம்பூருக்கு வந்தால், கோலகங்சார் வளைவுகளிலேயே பாதி உயிர் போய்விடும். வழியில் ஆள் மாறிவிடுவான்டா. தாப்பாவில் இறங்கித் தேத்தண்ணி குடிக்கிறவன், கிளம்பும்போது இருந்தவன் இல்லை. அந்தக் கதை அதைப் புரிந்துவைத்திருந்தது. வழியிலேயே பகை வரும், நட்பு வரும்.

ஏழாவது சீசனில் என்ன செய்தார்கள்? பனிக்கட்டி நடுவில் ஏழெட்டுப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒருத்தன் ஓடி, காக்கை பறந்து, சேதி தெற்கே கடலோரம் வரை போய், டிராகன் அங்கிருந்து கிளம்பி வந்து சேர்கிறது. இவர்கள் இன்னும் அதே பாறையில் நிற்கிறார்கள், தாடிகூட வளரவில்லை. இயக்கிய ஆலன் டெய்லரே காலக்கணக்கு கொஞ்சம் மங்கலாகத்தான் போனது என்று ஒத்துக்கொண்டார். எனக்கு அன்றைக்கே விட்டுப்போயிற்று. மற்றவர்களுக்கு இரண்டு வருஷம் கழித்து விட்டது.

உனக்கு நூல். சுவர்க் காவல்காரர்களின் கருப்புப் போர்வையைப் பார்த்து, "இது துணி இல்லடா, கால்மிதியடிய வெட்டித் தோள்ல போட்டிருக்கான்" என்றாய். மாமாக் கடையே சிரித்தது. அப்புறம் உடை வடிவமைத்த மிஷெல் கிளாப்டனே ஒரு மேடையில் சொன்னார், அது ஐகியா தரைவிரிப்பு, வெட்டி, மயிரைக் கத்தரித்துச் சாயமேற்றியது என்று. பிரிக்பீல்ட்ஸில் நாற்பது வருஷம் காஜா எடுத்த கண் வீண்போகவில்லை. அதற்கு நான் மன்னிப்பே கேட்கவில்லை, இல்லையா? இப்போது கேட்டதாக வைத்துக்கொள். ஆனால் ஒன்று, தரைவிரிப்பு என்று தெரிந்ததற்கு அப்புறமும் நீ அதைக் குறை சொல்லவில்லை. "பாரம் இருக்கு, ஆள் நடக்கிறப்ப துணி அவன இழுக்குது, அது போதும்" என்றாய். 2022இல் ரிங்ஸ் ஆஃப் பவர் வந்தபோதுதான், முதல் சீசனுக்கு மட்டும் 46 கோடி அமெரிக்க டாலர் போல ஆனதாகப் பேசிக்கொண்ட தொடர், "எல்லாருக்கும் நேத்து ராத்திரி தச்சுக் கொடுத்த மாதிரி இருக்கு, ஒருத்தனும் இன்னும் துவைக்கல" என்று எழுந்து போனாய்.

சரசுவுக்கு அடுப்படி. எட்டு சீசனிலும் அவளுக்குப் பிடித்த ஒரே ஆள் சான்சா. படையோடு வந்து இறங்கிய டிராகன் ராணியைப் பார்த்து, இத்தனை பேருக்குச் சாப்பாடு எங்கே, உன் டிராகன் என்ன தின்னும் என்று கேட்கிறாளே, அந்த இடத்தில் சரசு எழுந்து உட்கார்ந்தாள். "குடும்பம் நடத்தத் தெரிஞ்ச பொண்ணு இது ஒண்ணுதான்" என்றாள். அவளைக் கேட்டால் அந்தத் தொடருக்குப் பத்துக்குப் பத்து, கடைசியில் சான்சா வடக்கே ராணியாகிறாள், முடிந்தது.

ஊரே கடைசி எபிசோடுக்குப் பத்துக்கு நாலு போட்டுக்கொண்டிருந்தது. எட்டாவது சீசனைத் திரும்ப எடு என்று 15 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். அதே வருஷம் அதற்கே சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி விருது. இந்தக் கூத்தில் யார் கணக்கு சரி? 73 எபிசோடில் கடைசி ஆறைச் சாப்பிட்டுவிட்டு, முன்னால் பரிமாறிய 67ஐயும் துப்புகிறார்கள். நானும் துப்பினேன். நம் கூட உட்கார்ந்து பார்த்த மணியத்தைப் பார். 2018 தீபாவளிக்கு முன்னால் போய்விட்டான். அவன் பார்த்தது ஏழு சீசன். போகிற வாரம்கூட ஆஸ்பத்திரிக் கட்டிலில், "யார்டா சிம்மாசனத்துல உட்காருவா" என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவனைப் பொறுத்தவரை அது அருமையான தொடர், இன்றைக்கும். டிராகன் வந்தால் தூங்கிவிடுவான், இரண்டு பேர் அறைக்குள் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் விழித்துக்கொள்வான், ஞாபகம் இருக்கிறதா? குறட்டை சத்தத்தை வைத்தே எபிசோடுக்கு மார்க் போட்டிருக்கலாம்.

பேரன் வேறு சாதி. எந்தத் தொடரானாலும் போனில் முதலில் மார்க் பார்க்கிறான், அப்புறம்தான் படத்தையே திறக்கிறான். ஏழுக்குக் கீழே இருந்தால் தொடுவதில்லை. அந்த மார்க்கைப் போட்டவன் பார்த்துவிட்டுப் போட்டானா, கடுப்பில் போட்டானா? ரிங்ஸ் ஆஃப் பவருக்கு வந்த விமர்சனங்களை, ஆள் நிஜமா என்று பார்ப்பதற்காக அமேசான் 72 மணி நேரம் நிறுத்தி வைத்தது. நம் காலத்தில் கருத்துச் சொல்கிறவன் எதிரில் உட்கார்ந்திருப்பான், தேத்தண்ணிக் காசையும் அவனே கொடுக்க வேண்டியிருக்கும், கொஞ்சம் யோசித்துப் பேசுவான்.

உங்கள் அம்மாவை நினைத்துக்கொண்டேன். 1990 வாக்கில், லிட்டில் இந்தியா வீடியோ கடையில் மகாபாரதம் கேசட்டுக்கு நாம் வரிசையில் நிற்போமே. சோப்ரா எடுத்தது, இந்தி. அம்மாவுக்கு இந்தியில் ஒரு சொல் தெரியாது. இரண்டு அம்பு ஆகாயத்தில் முட்டித் தீக்குச்சி மாதிரி பொறி பறக்கும். நாம் கிரீடத்தைப் பார்த்து அட்டை அட்டை என்று சிரிப்போம். பீஷ்மர் அம்புப் படுக்கையில் தண்ணீர் கேட்கிற கட்டத்தில் அம்மா கையில் காப்பி டம்ளர் இருந்தது. குடிக்கவில்லை. அர்ஜுனன் தரையில் அம்பு விட்டு, தண்ணீர் பீறிட்டு, அவர் வாயில் விழுகிற வரைக்கும் குடிக்கவில்லை. அப்புறம் ஆறிய காப்பியை ஒரே மடக்கில். அந்த டம்ளரைவிடப் பெரிய மார்க் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ரோடு, நூல், அடுப்பு என்று இவ்வளவு நேரம் அளந்தேனே, இது அதில் எதிலும் அடங்கவில்லை. ஏன் என்று நீதான் சொல், உன் அம்மாதானே.

இப்போது ஒன்பது மாதக் காரணம். இடது கண்ணில் புரையோடு அழுத்தமும் இருக்கிறதாம். நரம்பு தேய்ந்திருக்கிறது, தேய்ந்தது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார்கள். காலையும் ராத்திரியும் சொட்டு மருந்து. ஓரத்தில் நிற்கிற ஆள் தெரிவதில்லை. ராத்திரி வண்டி ஓட்டுவதை நிறுத்தினேன், அப்புறம் வண்டியையே விற்றுவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. 31 வருஷ லோரிக்காரன், உனக்கு எப்படிச் சொல்வேன்? சொல்லியாயிற்று. இதற்குப் பதிலாக ஆறுதல் எல்லாம் எழுதாதே.

பந்தயக் கணக்கு இது. பாதி இருட்டு படத்தில், பாதி என் கண்ணில். உள்ளே 25 வெள்ளி வைத்திருக்கிறேன். அதுவும் பத்து வெள்ளி நோட்டு இரண்டும் ஐந்து ஒன்றும், எண்ணிப் பார்த்துக்கொள், சிவப்பும் பச்சையும் இப்போது எனக்கு நன்றாகவே தெரிகிறது. முழுசாக ஐம்பதும் வேண்டும் என்றால் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வரும்போது நேரில் வாதாடு. பஸ்ஸிலோ ரயிலிலோ வா, பட்டர்வொர்த்தில் இறங்கி பெர்ரி எடு. கூப்பிட வண்டியோடு வருவேன் என்று நிற்காதே. படகுத்துறையில் நிற்பேன். என் வலது பக்கமாக வந்து கூப்பிடு.

உன்,
குமாரவேலு

பின்குறிப்பு: வெள்ளியைப் பற்றித் தங்கச்சியிடம் சொல்லாதே. சரசு சொல்லிவிட்டாள் என்றால் நான் பொறுப்பில்லை.