இரு மருந்தும் ஒரே உறையும்

அன்புள்ள சுந்தரத்துக்கு,

நலம். உன் கடிதமும் அதனுடன் வைத்திருந்த நாளிதழ் நறுக்கும் கிடைத்தன. உன் மகள் மருந்தியல் முதுகலையில் திட்ட ஆய்வுக்கு நானோ துகள் வழிக் கூட்டு மருந்துச் சிகிச்சையை, அதாவது மிக நுண்ணிய துகளுக்குள் இரு மருந்துகளைச் சேர்த்து அடைத்துக் கொடுப்பதை, எடுக்க விரும்புவது அறிந்து மகிழ்ந்தேன். என் கருத்தைக் கேட்டிருந்தாய்.

துகள்கள் புற்றுநோய்ச் செல்களை மட்டும் தேடிப்போய் அழிக்கும் என்று நறுக்கில் எழுதியிருக்கிறார்கள். அதை அவள் நம்ப வேண்டாம். அதுவரையிலான பத்தாண்டு ஆய்வுகளைத் திரட்டி 2016-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வின்படி, விலங்குகளின் உடலில் செலுத்திய துகள்களில் கட்டியைச் சென்றடைந்தது இடைநிலை அளவில் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) 0.7 சதவீதமே; பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன.

என் பார்வையில் துகளின் உண்மையான பயன் விகிதத்தைக் காப்பதில் இருக்கிறது. ஒரு விகிதத்தில் ஒன்றுக்கொன்று வலுவூட்டும் இரு மருந்துகள், வேறொரு விகிதத்தில் ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுக்கவும் கூடும். ஆய்வுக்கூடத்தில் செல்களின் மேல் இந்த அளவைச் சரியாக வைப்பது எளிது. உடலுக்குள்ளோ ஒவ்வொரு மருந்தும் தன் வேகத்தில் சிதைந்து வெளியேறுவதால், அளந்து கொடுத்த கணக்கு சில மணி நேரத்தில் குலைந்துவிடுகிறது. இரண்டையும் ஒரே உறைக்குள் அடைப்பது இதற்காகத்தான்.

விக்சியோஸ் என்ற மருந்தைப் பார். சுமார் 100 நானோமீட்டர் அளவுள்ள கொழுப்பு உறையான லிப்போசோமுக்குள் சைட்டராபைனும் டானோரூபிசினும் 5:1 என்ற மோலார் விகிதத்தில், அதாவது மூலக்கூறுகளின் எண்ணிக்கைக் கணக்கில், இருக்கின்றன. அந்த விகிதம் ரத்தத்தில் 24 மணி நேரத்துக்கு மேலும் நிலைக்கிறது. இந்த இரண்டு மருந்துகளுமே தீவிர மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்குப் பல பத்தாண்டுகளாகத் தனித்தனியே ஏற்றப்பட்டு வந்த பழைய மருந்துகள்தாம். ஆயினும் அந்நோயின் கடினமான வகைகள் கொண்ட, 60 முதல் 75 வயதுக்குட்பட்ட 309 பேரிடம் ஒப்பிட்டபோது, இடைநிலை உயிர்வாழ்வுக் காலம் பழைய முறையில் 5.95 மாதமாகவும் இதில் 9.56 மாதமாகவும் இருந்தது. அமெரிக்க அரசின் ஒப்புதல் 2017 ஆகஸ்டில் கிடைத்தது.

இதில் எனக்கு வியப்பூட்டுவது, கட்டியே இல்லாத நோயில் இந்த வெற்றி வந்ததுதான். கட்டியின் ஓட்டையான ரத்தக்குழாய்கள் வழியே துகள் கசிந்து சேரும் என்று 1986 முதல் சொல்லப்பட்டுவரும் விளக்கத்துக்கு இங்கே இடமில்லை. உறைகள் எலும்பு மஜ்ஜையில் சேர்கின்றன, அங்கே நோய்ச் செல்கள் அவற்றை உள்வாங்குகின்றன.

குறைகளும் உண்டு. ரத்த அணுக்களின் எண்ணிக்கை மீள்வதற்குப் பழைய சிகிச்சையைவிடக் கூடுதல் நாள்கள் ஆகின்றன. ஒரு மருந்தை மட்டும் குறைக்க வேண்டிய நிலை வந்தால் மருத்துவருக்கு வழியில்லை. இரண்டும் சேர்ந்தேதான் குறையும்.

ஆகவே, துகளை நோய்ச் செல்லுக்கு வழிகாட்ட அதன் மேற்பரப்பில் எதை ஒட்டலாம் என்று அவள் யோசிப்பதற்கு முன், எந்த இரு மருந்துகள், எந்த விகிதத்தில், எத்தனை மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும் என்பதை முடிவு செய்யட்டும். எந்த இணையைத் தேர்ந்தாள் என்று எழுதச் சொல்.

அன்புடன்,
இராமநாதன்