ஊர்த் தண்ணீரையெல்லாம் ஒரே குழாயில் விட்ட பொறியாளர் அவர்களுக்கு

எங்கள் மலைச் சாலைக்குப் பொறுப்பான பொறியாளர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் குந்தா ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் கேரட்டும் உருளைக்கிழங்கும் போடுகிற குடும்பத்திலிருந்து எழுதுகிறேன். சாலை அகலமான கதையும், நாங்கள் மூன்று முறை கொடுத்த மனுவும், 'இது இயற்கையான மண் அரிப்பு' என்று வந்த பதிலும் உங்கள் கோப்பிலேயே இருக்கின்றன. அந்த 'இயற்கையான' என்ற சொல்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

முன்பு சாலைக்கடியில் தண்ணீர் போக நான்கு சிறுபாலங்கள் இருந்தன. மேல்சரிவில் பெய்யும் மழை நான்காகப் பிரிந்து புல்லுக்குள் இறங்கிப் போனது. அகலப்படுத்தியபோது மூன்றை மூடி, அத்தனை தண்ணீரையும் சிமெண்ட் கால்வாயில் திரட்டி, ஒரே குழாயில் எங்கள் தோட்டத்தின் தலைமாட்டில் விட்டீர்கள். குழாயின் வாய்க்குக் கீழே ஒரு கல்கூடப் பாவவில்லை. அதற்கு முன், 2019 ஆகஸ்டில் இங்கே நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அப்போதுகூட எங்கள் வயல் பிளக்கவில்லை.

குழாய் வந்த பின் முதல் மழைக்கு மேல்படி வயலின் விளிம்பில் முழ அகலத்துக்கு ஒரு கீறல் விழுந்தது, அவ்வளவுதான். ஆனால் தண்ணீர் விளிம்பிலிருந்து குதிக்கும் இடத்தில் அடிமண்ணைக் குடைகிறது. மேலே புல்வேர் பிடித்து நிற்கும். அடியில் ஒன்றும் இருக்காது. மழை விட்டு வெயில் வந்த பிறகு மேல்மண் பாளமாக உட்காரும். அடுத்த மழையில் தண்ணீர் அங்கிருந்து குதிக்கும். இப்படியே பள்ளம் சரிவில் மேல்நோக்கி ஏறுகிறது. எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்க, ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அம்மா விளிம்பில் ஒரு மூங்கில் குச்சி ஊன்றினார். ஐந்தில் நான்கு குச்சிகள் உள்ளே விழுந்துவிட்டன. போன வாரம் விடிந்து பார்த்தால் கேரட் பாத்தி பாதியாக அறுந்து கிடந்தது. அறுந்த மண்சுவரில் கேரட்டுகள் நுனி வேர் வரை தெரிய, வரிசையாக அந்தரத்தில் தொங்கின. அம்மா ஒன்றும் பேசவில்லை. கைக்கு எட்டியவற்றைப் பிடுங்கிக் கூடையில் போட்டார்.

எங்கள் மேல் தவறே இல்லை என்று சொல்லவில்லை. நீர் தேங்கினால் கிழங்கு அழுகும் என்று சரிவோடு சரிவாகப் பாத்தி போடுகிறோம். குறுக்கே போட வேண்டும் என்று கூட்டம் போட்டுச் சொல்கிறார்கள், சரியான பேச்சுதான். ஆனால் அந்தத் தவறு மண்ணைச் சுரண்டும், உங்கள் குழாயோ வயலையே தூக்கிக்கொண்டு போகிறது. குழாய்க்கடியில் கல் பாவித் தாருங்கள் என்பதைத்தான் மூன்று மனுவிலும் கேட்டிருந்தோம்.

போகிற மண் எங்கே போகும்? குந்தா அணையில் சேறு நிறைந்து கிடக்கிறது என்று ஆண்டுதோறும் செய்தி வருகிறது. மிச்சம் பில்லூர் அணைக்குப் போகும். கோவைக்காரர்கள் குடிக்கும் தண்ணீரில் எங்கள் தோட்டமும் கொஞ்சம் கலந்திருக்கிறது. பிறகு தூர்வார ஒரு ஒப்பந்தம், தூர்வாரியதைக் கொட்ட இடம் தேட ஒரு குழு, 'மண்வளம் காப்போம்' என்று ஒரு பலகை. அந்தப் பலகையை எங்கள் பள்ளத்தில் நட்டால் குச்சி ஊன்றும் வேலையாவது அம்மாவுக்கு மிச்சமாகும்.

மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததை விட்டுவிட்டேன். மூடிய மூன்று சிறுபாலங்களையும் திறந்து தண்ணீரைப் பழையபடி பிரித்து விடுங்கள். குழாய்க்கடியில் கல் பாவி, பள்ளத்தில் கம்பிவலைக்குள் கல் அடுக்கிப் படிப்படியாகத் தடுப்பு கட்டி, தண்ணீரை ஓடை வரை நடத்திச் செல்லுங்கள். நஷ்ட ஈடு கேட்கவில்லை.

ஐந்தாவது குச்சியிலிருந்து உங்கள் சாலையின் தாங்குசுவர் வரை நேற்று அளந்தேன். பதினோரு அடி இருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறை நேரில் வந்து பார்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கீழ்த்தோட்டத்துக்காரன்