மாட்டும் முன் தேதியைக் காட்டுங்கள்: சுங்கை சிப்புட் டயர் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டயர் கடை முதலாளிமார்களுக்கும், கடையில் வேலை செய்யும் அண்ணன் தம்பிமார்களுக்கும்,

வணக்கம்.

எதைப் பற்றி எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். செம்மோருக்கு இந்தப் பக்கம் என் சிவிக் கார் மழையில் சறுக்கிக் கால்வாய் ஓரத்தில் போய் நின்ற கதை, கார் ஊருக்கு வந்து சேர்வதற்கு முன்பே கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. டயர் யார் கடையில் வாங்கியது என்பதும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். நான் பெயர் சொல்லப் போவதில்லை. இந்தப் பழக்கம் ஒரு கடையோடு நிற்பதில்லை, அதனால் எல்லாரிடமும் சேர்த்தே கேட்கிறேன். டயரை மாட்டும் முன், அது எந்த ஆண்டு எந்த வாரம் செய்தது என்பதை வாடிக்கையாளருக்குக் காட்டுங்கள். பில்லிலும் எழுதிக் கொடுங்கள்.

அன்று காரில் அம்மா இருந்தார். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் கண் பரிசோதனை முடிந்து, கண்ணில் மருந்து விட்டிருந்ததால் கண்ணை மூடிக்கொண்டே வந்தார். பழைய சாலையில் நல்ல மழை. நான் வேகமாக ஓட்டவில்லை. முன்னால் போன செம்பனை லோரி நின்றதும் பிரேக்கை மிதித்தேன். காலுக்கடியில் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) தடதடவென்று அடித்ததே தவிர, கார் நிற்கவில்லை. லோரியில் இடிக்காமல் இடது பக்கம் ஒடித்ததில் கால்வாய் ஓரப் புல்லில் போய் நின்றோம். அம்மாவுக்கு என்ன நடந்தது என்றே தெரியவில்லை. கண்ணைத் திறக்க முடியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாருக்குப்பா அடிபட்டது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். யாருக்கும் அடிபடவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

டயர் தேய்ந்திருந்தால் எனக்குக் கோபமே வந்திருக்காது. நம் நாட்டுச் சட்டப்படி டயரின் மேல்பரப்பில் வெட்டியிருக்கும் கோட்டின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது. 3 மில்லிமீட்டருக்கு இறங்கினாலே மழையில் பிடிப்பு குறைந்துவிடும் என்பதும் உங்களுக்குத் தெரியும். என் டயரில் கோடுகள் ஆழமாகவே இருந்தன, வாங்கிச் சில மாதம்தான். கடையில் டயரைக் கையால் தட்டிக் காட்டி, "பாருங்க தம்பி, மேலே இருக்கிற முடிகூட இன்னும் உதிரல" என்று சொல்லித்தான் மாட்டினார்கள். கறுப்பு மெருகு போட்டுப் பளபளவென்று இருந்தது. நான்கு டயருக்கு 1,640 வெள்ளி (ரிங்கிட்). 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளிக்குத்தான் உயர்ந்தது. தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவனின் ஒரு மாத உழைப்பு முழுக்க அந்த நான்கு டயரில் போய்விட்டது.

பிறகு ஈப்போவில் ஒரு போமன் (கார் பழுதுபார்ப்பவர்) காரைத் தூக்கி, டயரின் உள்பக்கச் சுவரில் டார்ச் அடித்துக் காட்டினார். டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசியில், நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு எண்கள்: 2219. அதாவது 2019ஆம் ஆண்டின் 22ஆவது வாரம். நான் வாங்கியது 2024 கடைசியில். நான் காசு கொடுத்தபோதே அந்த டயருக்கு ஐந்து வயது தாண்டியிருந்தது. இந்தத் தேதி பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில்தான் முழுமையாக இருக்கும். வெளிப்பக்கம், உள்பக்கம் பார்த்து மாட்ட வேண்டிய ரகங்களில் அது உள்ளே போய்விட்டால், மாட்டிய பிறகு தரையில் படுத்தால்தான் பார்க்க முடியும். மாட்டும் முன் காட்டுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுதான் காரணம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா டயர் அருகே குந்தி உட்கார்ந்து, கோட்டுக்குள் விரல் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தார். வயசுக் காலம் முழுக்கப் பால்மரம் வெட்டிய கை. "காஞ்ச ஒட்டுப்பால் மாதிரி விறைப்பா இருக்கேப்பா" என்றார். கோட்டின் அடியில் முடி அளவுக்கு மெல்லிய வெடிப்புகள் வரிசையாக ஓடின. ரப்பர் ஓடாமல் சும்மா இருந்தாலும் காற்றும் வெப்பமும் அதை இறுக்கிவிடும் என்பது அவருக்கு எந்தப் புத்தகமும் படிக்காமலே தெரியும்.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நிழலில், குளிர்ச்சியான இடத்தில் ஒழுங்காக அடுக்கி வைத்த டயர் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு பழையது என்றால் நான் குறை சொல்ல மாட்டேன். இறக்குமதி டயர் கப்பலில் வந்து, கிடங்கில் இருந்து, உங்கள் கடைக்கு வரவே மாதங்கள் ஆகும். ஆனால் ஐந்து வருடம் வேறு கணக்கு. மிச்செலின் நிறுவனமே மாட்டி ஐந்து ஆண்டு ஆன டயரை அதன்பின் ஆண்டுக்கொருமுறை பரிசோதிக்கச் சொல்கிறது. செய்த தேதியிலிருந்து பத்து ஆண்டுக்கு மேல் எந்த டயரையும் ஓட்டக்கூடாது என்கிறது. கார் தயாரிப்பாளர்களில் பலர் ஆறு ஆண்டிலேயே மாற்றச் சொல்கிறார்கள். கடை வாசலில், மத்தியான வெயில் நேராக விழும் இரும்புத் தாங்கியில் வருடக்கணக்கில் நின்ற டயரைப் புதிது என்று விற்பது சரியா? நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். கடைக்குள் நுழைந்தால் நீங்கள் கேட்பது இரண்டே கேள்வி: சைஸ் என்ன, எவ்வளவில் வேண்டும்? தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுகிறாய், எந்தச் சாலையில், கூட யார் வருவார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நம் பையன்களுக்கு ஸ்போர்ட்ஸ் டயர் மேல் ஆசை, அதில் தப்பில்லை. மழையில் நல்ல பிடிப்புள்ள டயர் உயிரைக் காக்கும். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையே நெடுஞ்சாலையில் உள்ள மெனோரா சுரங்கப்பாதை இறக்கத்தில் மழைக்காலத்தில் இறங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பிடிப்புக்கு ஒரு விலை உண்டு. மிருதுவான ரப்பர் சீக்கிரம் கரையும். பந்தயப் பாதைக்கு நெருக்கமான ரகங்கள் 20,000 கிலோமீட்டரிலேயே முடிந்துவிடலாம். சாலைக்கான ஸ்போர்ட்ஸ் ரகங்கள் நன்றாகப் பார்த்துக்கொண்டால் 40,000 வரை வரும். சாதாரணப் பயண டயர் 60,000 தாண்டும். டயரின் சுவரிலேயே ட்ரெட்வேர் என்று ஓர் எண் இருக்கிறது. எண் பெரிதாக இருந்தால் டயர் மெதுவாகத் தேயும். யோக்கோஹாமா நியோவா ஏடி08ஆர் டயரில் அது 180, மிச்செலின் பைலட் ஸ்போர்ட் 4-இல் 320. அந்த எண்ணை டயர் நிறுவனமே சோதித்துப் போட்டுக்கொள்கிறது, அதனால் ஒரு பிராண்டை இன்னொன்றோடு அப்படியே ஒப்பிட முடியாது. அமெரிக்காவில் விற்காத டயரில் அந்த எண் இல்லாமலும் இருக்கலாம். இருந்தாலும் ஒரு குறிப்பு கிடைக்கும். தினமும் தைப்பிங் பக்கத்துக் கமுந்திங்குக்கு வேலைக்கு ஓடும் பையனிடம் 180 எண் டயரைக் கட்டிவிட்டு, ஒரு வருடத்தில் வழுக்கையாகி வந்தால் "நீ வேகமா ஓட்டுற தம்பி" என்று சொல்வது நியாயமில்லை.

தோட்டச் சாலைக்குத் தட்டையான டயர் ஒத்துவருமா என்பதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். 215/45 ஆர் 17 டயரின் பக்கச் சுவர் பத்து சென்டிமீட்டர்கூட இல்லை. ஒரு குழியில் இறங்கினால் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையில் நசுங்கி, உள்நூல் அறுந்து, பலூன் மாதிரி வீங்கிவிடும். விலை குறைவென்று எடை எண் குறைந்த டயரை மாட்டுவதையும் பார்த்திருக்கிறேன். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், 88 என்றால் 560தான். கார் கேட்கும் எண்ணுக்குக் கீழே போகவே கூடாது. அப்புறம், இரண்டு டயர் மட்டும் மாற்ற வருபவருக்கு, முன்சக்கர இழுவைக் கார் என்பதால் புதியதை முன்னால் மாட்டிவிடுகிறீர்கள். மழையில் பின்பக்கம் வழுக்கினால் காரைத் திருப்பிப் பிடிப்பது மிகவும் கஷ்டம். அதனால்தான் புதியதைப் பின்னால் போடச் சொல்கிறார்கள். ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்தியவர்களிடம், அலைன்மெண்ட் (சக்கரம் நிற்கும் கோணம்) சரியில்லாமல் உள்விளிம்பு மட்டும் தேய்ந்து கம்பி தெரிவதைக் காட்டுங்கள். வெளியே நின்று பார்த்தால் அது தெரியவே தெரியாது.

சாலையைப் பற்றியும் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். செம்பனை லோரிகள் பாரம் ஏற்றி ஏற்றி உடைத்த சாலைக்கு ஒட்டுப்போடுவதும், அடுத்த மழையில் அது கழன்றுபோவதும் எத்தனை காலம்? பக்கத்துக் கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒரு மரம் இன்னும் நிற்கிறது. அந்தக் கன்றுகளின் வழி வந்த தோட்டங்களில் நம் தாத்தா பாட்டி விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு) நின்றார்கள். உலகத்து டயருக்கெல்லாம் பால் கொடுத்த மண் இது. ஷா ஆலாமில் 1972 முதல் ஓடிய குட்இயர் தொழிற்சாலை 2024 ஜூனில் மூடப்பட்டபோது, அங்கே வேலை செய்தவர்களை நினைத்து எனக்கு வயிறு எரிந்தது. பால்மரத்தில் வளர்ந்த குடும்பங்களுக்கே காய்ந்துபோன ரப்பரைப் புதிதென்று விற்கிறோமே, இதை எப்படிப் பொறுப்பது?

சரி, சாலையும் தொழிற்சாலையும் உங்கள் கையில் இல்லை. டயரின் தேதி உங்கள் கையில் இருக்கிறது. அதனால் பணிவோடு மறுபடியும் கேட்கிறேன்: மாட்டும் முன் அந்த நான்கு எண்களை வாடிக்கையாளருக்குக் காட்டுங்கள். பிராண்ட், சைஸ், எடை எண்ணோடு தேதியையும் பில்லில் எழுதுங்கள். பழைய இருப்பை விற்கத்தான் வேண்டுமென்றால், பழையது என்று சொல்லி விலையைக் குறையுங்கள், வாங்குகிறவர் முடிவு செய்யட்டும். இரண்டு மூன்று வருடத்துக்கு மேற்பட்டதை ஸ்போர்ட்ஸ் டயர் கேட்டு வரும் பையன்களிடம் தள்ளிவிடாதீர்கள்.

பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருப்பது எனக்குத் தெரியும். ஐந்து வெள்ளி கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலே 50,000 வெள்ளி வரை கேட்கலாம். தேவைப்பட்டால் போவேன். ஆனால் ஒரே கோயில் திருவிழாவில் பார்த்துக்கொள்கிறவர்கள் நாம், முதலில் பேசிப் பார்க்கலாம் என்றுதான் இந்த மடல்.

தீபாவளி நெருங்கும்போது வெளியூர்ப் பிள்ளைகள் காரோடு வந்து இறங்குவார்கள், உங்களுக்கும் வியாபாரம் கூடும். அதற்கு முன்பே ஏதாவது ஒரு கடை தேதியைக் காட்டி விற்கத் தொடங்கட்டும். எந்தக் கடை என்று எனக்குத் தெரிவியுங்கள். என் காரில் மாற்ற வேண்டிய நான்கையும் அங்கேதான் மாற்றுவேன், தெரிந்தவர்கள் எல்லாரையும் அங்கேயே அனுப்புவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளன் ஒருவன்,
சுங்கை சிப்புட், பேராக்