கழக அறையைத் திறந்து பழைய பதிவேடுகளை எடுத்துக்கொள்ள அனுமதி கோரும் மனு

பெறுநர்: உயர்திரு ஆணையர் அவர்கள்

பொருள்: திடலின் பார்வையாளர் மாடத்திற்குக் கீழே முத்திரையிடப்பட்டுள்ள கால்பந்துக் கழக அறையிலிருந்து பதிவேடுகளையும் புகைப்படங்களையும் எடுக்க அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் முன்னரே அளித்து, பதில் கிடைக்கப்பெறாத எங்கள் மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்கள் அலுவலகம் வரும் வழியிலேயே உள்ள அத்திடலைப் பற்றித் தங்களுக்கு விளக்கத் தேவையில்லை. கட்டடம் உறுதியாக இல்லை என்று அறையைப் பூட்டியதை நாங்கள் எதிர்க்கவில்லை. உள்ளிருப்பவற்றை வெளியே எடுக்க ஒரே ஒரு முறை கதவைத் திறந்துவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

1. பந்துகளும் வலைகளும் போனால் போகட்டும், வாங்கிக்கொள்வோம்.

2. கழகம் தொடங்கிய நாள் முதலான கூட்டக் குறிப்பேடுகள், ஆட்டக்காரர் பட்டியல்கள், சந்தாப் பேரேடு ஆகியவை அங்குள்ள மர அலமாரியில் உள்ளன. எந்த ஆண்டு எந்த அணியிடம் எத்தனை கோல் வாங்கித் தோற்றோம் என்பதும் அவற்றில்தான் இருக்கிறது (எங்கள் மூத்தோர் தோல்வியை மறைத்து எழுதும் வழக்கமில்லாதவர்கள்). யாவும் ஊற்றுப்பேனா மையில் எழுதப்பட்டவை. வேறு படி கிடையாது.

3. மேல்தளம் ஒழுகுகிறது. சுவரில் மாட்டிய குழுப் படங்களில், முன்வரிசையில் சம்மணமிட்டு அமர்ந்த சிறுவனின் மடியிலுள்ள பந்தில் வெள்ளை வண்ணத்தில் ஆண்டு எழுதப்பட்டிருக்கும். பட்டியல் இல்லாத ஆண்டுகளுக்கு அந்த எண்களே ஆதாரம். பழைய புகைப்படத் தாளின் ஜெலட்டின் பூச்சு, ஈரம் ஏறினால் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் முகமே உரிந்து வந்துவிடும். சன்னல் இடுக்கில் பார்த்தபோது, ஒரு படத்தில் பின்வரிசையில் நிற்பவர்களின் கழுத்துவரை நீர்க்கறை இறங்கியிருந்தது. அவர்களில் பலர் இன்று உயிருடன் இல்லை. சில வீடுகளில் அவர்களுக்கு வேறு படமும் இல்லை.

4. "பழைய காகிதம்தானே" என்று தங்கள் அலுவலகத்தில் கூறினார்கள். ஐயா, 1857இல் தொடங்கிய, உலகின் மிகப் பழைய கால்பந்துக் கழகமான இங்கிலாந்தின் ஷெஃபீல்டு கழகம், தன் முதல் விதிகளின் கையெழுத்துப் படி அடங்கிய ஆவணத் தொகுப்பை 2011இல் ஏலத்தில் விட்டபோது 8,81,250 பவுண்டு கிடைத்தது. அவையும் பழைய காகிதங்கள்தாம்! 1911இல் கொல்கத்தாவில் நடந்த ஐ.எஃப்.ஏ. ஷீல்டு கால்பந்துப் போட்டியின் இறுதியாட்டத்தில் அந்நகரின் மோகன் பகான் கழகத்துக்கு ஷிப்தாஸ் பாதுரியும் அபிலாஷ் கோஷும் கோல் அடித்தார்கள் என்று இன்றும் சொல்ல முடிகிறதென்றால், அன்றே எவரோ எழுதி வைத்ததால்தான். எங்கள் ஏடுகளை எவரும் ஏலம் கேட்கப்போவதில்லை என்பதை அறிவோம். அதற்காக அவை மக்கிப்போகலாமா?

5. பொறியாளர் ஒருவரை உடன் அனுப்புங்கள். தலைக்கவசம் அணிந்து இருவர் மட்டும் செல்கிறோம். என்ன நேர்ந்தாலும் எங்கள் பொறுப்பே என எழுதித் தருகிறோம். இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள். "ஆய்வு முடியட்டும்" என்கிறார்கள். அது தொடங்கும் நாளைக்கூட எவரும் சொல்வதில்லை. முத்திரை எங்களைத்தான் தடுக்கிறது, கரையானைத் தடுக்கவில்லை.

ஆகவே, கதவைத் திறக்க உடனே ஆணையிடுமாறு மீண்டும் வேண்டுகிறோம். ஆணை வரத் தாமதமாகுமெனில், அதுவரை அம்மேல்தளத்தின் மீது ஒரு தார்ப்பாயையாவது விரிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கழகச் செயலாளரும் உறுப்பினர்களும்